நேர்ந்துவிட்ட கை

நூலைப் பற்றிச் சொல்வதென்றால் நீராவியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தரைக்குக் கீழே பாதியும் மேலே பாதியுமாக எங்கள் சலவைக்கூடம் இருந்தது. உள்ளே எந்நேரமும் நீராவி. எதிரே வருகிறவளின் முகம் தெரியாது. முதலில் செருப்புச் சத்தம் வரும், பிறகு வெள்ளையாக ஒரு கலங்கல், அதற்கும் பிறகுதான் ஆள். பேச்சுகூடப் பஞ்சில் பொதிந்து கொடுத்ததுபோலத்தான் காதுக்கு வந்துசேரும். மேலே வார்டுகளில் யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் படுத்த விரிப்பு எங்களிடம் வரும், வெள்ளையாகித் திரும்பிப் போகும். அங்கே வேலை செய்தவர்களுக்கு ஆயுளில் பாதி, விழித்துக்கொண்டே கண்ட கனவாகப் போயிற்று. நான் ஊறப்போடும் தொட்டியில் இருந்தவள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். இதை வேறு மாதிரி சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் அன்றைக்கு விடுப்பில் இருந்தவர்கள்.

நூல் என்பது அவள் பெயரில்லை. ஞானஸ்நானப் பெயர் ஒன்று நீளமாக இருந்தது, அதை யாரும் கூப்பிட்டதில்லை. வேலைக்கு வந்த அன்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது ஆளா, விரிப்புல இருந்து உருவின நூலா?" என்று கேட்டாள் கப்பலக்கா. அதோடு ஒட்டிக்கொண்டது. கப்பலக்காவுக்குப் பெயர் வைத்தவர்கள் நாங்கள். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். கொடியில் தொங்கும் விரிப்புகளுக்கு நடுவே அவள் நடந்து வந்தால் இரண்டு பக்கமும் துணி உப்பி விலகும், பாய் விரித்த கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன் தூர தேசத்தில். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். நூல் தன் அண்ணன் வீட்டில், அண்ணியின் வாய்க்குப் பயந்து வாழ்ந்தவள். கப்பலக்காதான் அவளுக்குத் தாயும் சிநேகிதியும்.

இரண்டு பேருக்கும் வேலை ரோலரில். பிழிந்த விரிப்பைச் சுருக்கம் எடுக்கிற இயந்திரம் அது. உள்ளே சூடு வைத்த இரண்டு பெரிய உருளைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு சுற்றும். விரிப்பின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து, உதறி, ஒரே இழுப்பாக அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் கோணல், ஒருத்தி பிந்தினால் மடிப்பு. ஜோடி சேர்ந்துவிட்டால் பேச்சே வேண்டாம், மூச்சிலேயே தெரியும். சூப்பர்வைசர் ஒருமுறை ஜோடியை மாற்றிப் பார்த்தார். கப்பலக்கா, "கட்டின புருஷனை மாத்தினாலும் மாத்துவேன் சார், ரோலர் ஜோடியை மாத்த மாட்டேன்" என்றாள். "உங்க புருஷன்தான் இல்லையேம்மா" என்றார் அவர். "அதான் தைரியமா சொல்றேன்" என்றாள் அவள்.

விபத்து நடந்த அன்று ஒரு நோயாளிச் சட்டையின் நாடா எப்படியோ விரிப்போடு சேர்ந்து வந்திருக்கிறது. நீராவியில் யார் கண்டார்கள். நூலின் வலது மணிக்கட்டில் அது ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. மறுமுனையை உருளை கவ்விவிட்டது. நூல் இழுபட்டாள். கப்பலக்கா யோசிக்கவில்லை. தன் வலது கையை நடுவில் விட்டு, நாடாவைப் பறித்து, நூலின் கையை வெளியே தள்ளினாள். நூலின் கை வந்துவிட்டது. அக்காவின் கை போய்விட்டது.

சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியது யார் என்று இன்றும் எங்களுக்குள் சண்டை. நான்தான். அது இருக்கட்டும். கப்பலக்கா கத்தவில்லை. "நூலு, உன் கையைக் காட்டு" என்றாள். நூல் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு, வேறொன்றுமில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு, களைப்பில் உட்காருகிறவளைப்போல மெதுவாகத் தரையில் சாய்ந்தாள்.

அவளை மாடிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே எடுக்க வேண்டியதாயிற்று. அவள் படுத்திருந்த விரிப்பு நாங்கள் வெளுத்ததுதான். நான் தினம் போய்ப் பார்த்தேன். நூல் போகவில்லை. படிக்கட்டின் பாதிவரை ஏறுவாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இறங்கிவிடுவாள். "நூலு எங்கடி?" என்று அக்கா கேட்பாள். "வந்துக்கிட்டே இருக்கா" என்பேன். பொய்யும் இல்லை.

அந்த நாட்களில்தான் நூலுக்கு அந்தக் கனவு வந்தது. முடிவே தெரியாத ஒரு வெளி. எங்கு பார்த்தாலும் கொடி, கொடி முழுக்க வெள்ளை விரிப்பு. காற்றே இல்லை, ஆனாலும் எல்லாம் அசைகிறது. அவள் ஒன்றை விலக்கினால் இன்னொன்று, அதை விலக்கினால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஈரமாக ஒரு வலது கை பதிந்திருக்கிறது. ஐந்து விரலும், நடுவே ஆணி பாய்ந்த துளையும். துளை வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. ரொம்ப அழகாக இருந்தது, பயமே இல்லை என்றாள் என்னிடம். விழித்தபோது தலையணை நனைந்திருந்ததாம்.

அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்றால், ஆஸ்பத்திரிக் கோயிலுக்குப் போனாள். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்கு, சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாடுபட்ட சுரூபம் ஒன்று உண்டு. அதன் காலடியில் முழந்தாளிட்டு, "எனக்காக ஒரு கை போச்சு. இனி என் வலது கையால ஒரு வேலையும் செய்ய மாட்டேன். சாகறவரைக்கும் இது உமக்கு" என்று நேர்ந்துகொண்டாள். கிழிந்த விரிப்பிலிருந்து நீளமாக ஒரு பட்டை கிழித்து, அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அப்படியே வேலைக்கு வந்தாள். ரோலரில் நிற்க முடியாது. தள்ளுவண்டியை இடது கையாலும் இடுப்பாலும் தள்ளினாள். சாப்பிடும்போது கரண்டியை இடது கையில் பிடித்து, பாதி வாய்க்கும் பாதி மடிக்குமாகச் சாப்பிட்டாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். காரணம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. கொஞ்ச நாளில் அவளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. "சின்ன வயசுல எவ்வளவு பக்தி" என்றார்கள். சமையற்கூடத்திலிருந்து ஒருத்தி தன் காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வந்து, கட்டின கையைத் தொட்டு ஒற்றிக்கொண்டு போனாள். வாயிற்காவலர் தன் மகள் பரீட்சைக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். நீராவிக்குள் அந்த வெள்ளைக் கட்டு தூரத்திலிருந்தே தெரியும், எல்லாரும் வழிவிடுவார்கள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வாய்விட்டும் சொன்னேன். "உனக்குப் பொறாமை" என்றார்கள். சொல்லட்டும். நான் சொன்னதை மாற்றவில்லை, இப்போதும் மாற்ற மாட்டேன்.

கப்பலக்கா தேறி வந்தபோது அவளுக்கு ஜன்னல் வேலை கொடுத்தார்கள். மடித்த கட்டுகளை வார்டு ஆட்களுக்கு எடுத்துக் கொடுப்பது. இல்லாத கையின்மேல் சட்டைக்கையை மடித்துக் குண்டூசி குத்தியிருப்பாள். அதைத் தொட்டுக் கும்பிட ஒருத்தரும் வரவில்லை. அவள் ஜன்னலில் இருந்து பார்ப்பாள். நூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு தலைகுனிந்து ஓடிவிடுவாள். சாயங்காலம் சைக்கிள் கடைப் படியேறி, சாப்பாட்டு டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். முகத்துக்கு முகம் மட்டும் பார்க்க மாட்டாள்.

வீட்டில் அண்ணி சும்மா இருப்பாளா? "உங்க தங்கச்சி புனிதை ஆயிட்டா, ரொம்ப சந்தோஷம். பாத்திரத்தை எந்த சம்மனசு வானத்துல இருந்து இறங்கி வந்து தேய்க்கப்போகுது?" என்று புருஷனிடம் கேட்டாளாம். நல்ல கேள்விதான்.

ஆனால் வேடிக்கை அதோடு முடிந்தது. ஒருநாள் மாடியிலிருந்து வந்த நர்சம்மா நூலைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டுக்குள் விட்டு விரல்களைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இது ஏற்கெனவே இறுகிப்போச்சு. இப்ப அவுத்துப் பயிற்சி செஞ்சா பிழைக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டா, அப்புறம் நீயே நினைச்சாலும் விரியாது. புரியுதா?" என்றார். நூல் தலையாட்டினாள். அவிழ்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கோயில் பாதரே கூப்பிட்டு, "நேர்ச்சையிலிருந்து உன்னை நான் விடுவிக்கிறேன்மா" என்று சொல்லிப் பார்த்தார். "உங்ககிட்டயா பாதர் நேர்ந்தேன்?" என்று கேட்டாள் அந்த ஒல்லிப்பிச்சான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நர்சம்மா சொன்னது ஜன்னலுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே கப்பலக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். முடி முழுக்க அவிழ்ந்து இடுப்புக்குக் கீழே தொங்கிற்று. கையில் சீப்பு.

"கிளம்பு. சாட்சிக்கு ஆள் வேணும்" என்றாள்.

"எதுக்கு சாட்சி?"

"வந்தா தெரியும். செருப்பைப் போடு."

பனி இறங்கிய காலை. தெருவே எங்கள் சலவைக்கூடம்போல வெள்ளையாக இருந்தது. கப்பல் முன்னால் போயிற்று, நான் படகுபோலப் பின்னால் போனேன். நூலின் அண்ணி கதவைத் திறந்து, அந்த விரிந்த தலையைப் பார்த்து, வாயைத் திறந்தாள். "அப்புறம் பேசும்மா" என்று சொல்லி அக்கா நேராக உள்ளே போய், நூலின் கட்டில் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"பின்னிவிடு."

நூல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நானாக்கா?"

"பின்னே, பாதரையா கூப்பிட? மணி அடிக்கப்போகுது. பின்னு."

நூல் இடது கையால் சீப்பை எடுத்தாள். சிக்கெடுக்கும்வரை சரி. மூன்றாகப் பிரித்ததும் வந்தது வினை. ஒரு பிரியை நூல் பிடித்தாள். இன்னொன்றை அக்கா பின்னால் கையை வளைத்துப் பிடித்தாள்.

"மூணாவதை எங்கக்கா வைக்கறது?"

"வாயில வை."

நூல் வாயில் கவ்விக்கொண்டாள். ஒரு மடிப்பு மடித்தாள், அக்கா பிடித்தது நழுவிற்று. அதைப் பிடித்தால் இது நழுவிற்று. நான் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினேன். அக்கா என் கையில் பட்டென்று அடித்தாள். "சாட்சி சாட்சி மாதிரி இருக்கணும்." கடைசியில் முடி காக்கைக் கூடாக நின்றது. நூல் வாயில் மயிரோடு தும்மினாள். அண்ணி கதவோரத்தில் சிரித்துவிட்டாள். நூலும் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது.

அக்கா திரும்பி உட்கார்ந்தாள். "அவிழ்."

"முடியாதுக்கா. நேர்ச்சை."

"யாருக்கு?"

"ஆண்டவருக்கு."

"எதை?"

"என் கையை."

"உன் கை அன்னிக்கே ரோலர்ல போச்சுடி. இது என் கை. நான் கொடுத்து வாங்கினது. என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி நேர்ந்துவிட்ட? அடுத்த வீட்டுக் கோழியைப் பிடிச்சுக் கோயில்ல காணிக்கை போட்ட கதையா இருக்கு."

நூல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடிவாதமாகத்தான் கேட்டாள்: "அப்ப நான் எதைக் கொடுக்கறது? நீங்க கொடுத்துட்டீங்க. அவர் சிலுவையில கொடுத்துட்டார். எனக்கு மட்டும் கொடுக்க ஒண்ணுமே இல்லையா?"

கப்பலக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"என்ன கொடுக்கலாம்னு நீ என்னை எப்ப கேட்ட? தினமும் டப்பாவை வாசல்ல வெச்சுட்டு ஓடிடற. உங்க அண்ணி இறுக்கி மூடித் தர்றா. ஒத்தைக் கையால அந்த மூடியைத் திறக்க முடியல. முழங்கால்ல இடுக்கிப் பார்த்தேன், சுவத்துல இடிச்சுப் பார்த்தேன். அப்புறம் அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பேன். உள்ளே வாசனை வருது, சாப்பிடத்தான் முடியல."

நூல் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி உள்ளே போய்விட்டாள்.

"உன்னைக் கும்பிட வேண்டிய ஆளா நான் பார்க்கல. எனக்கு நீ வேணும். உள்ளே வந்து, மூடியைத் திறந்து, எதிர்ல உக்காந்து ஏதாவது வளவளன்னு பேசற ஆள் வேணும். ஆண்டவரும் அதைத்தான் கேப்பார். போய் நல்லா பாரு, அவர் ரெண்டு கையையும் விரிச்சுத்தான் வெச்சிருக்கார். கட்டி வெக்கல."

"அவர்கிட்ட சொன்ன வார்த்தைக்கா..."

"அதை நான் பேசிக்கறேன். கணக்கு என் பேர்ல இருக்கட்டும்."

வெளியே முதல் மணி அடித்தது. நூல் முடிச்சில் கை வைத்தாள். வியர்வையும் நாளும் சேர்ந்து அது கல்லாகியிருந்தது. இடது கையால் அசையவில்லை. கப்பலக்கா குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். சாட்சியாக நான் இருந்தேன் என்பதால் சொல்கிறேன், அந்தப் பட்டை விழுந்தபோது ஒரு சத்தமும் இல்லை, ஆனால் அறையில் காற்று மாறினதுபோல இருந்தது. கை வெளுத்து, மெலிந்து, பறவைக்கால்போல மடங்கி நின்றது. அக்கா அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நூல் வலியில் துடித்தாள்.

"அழு. அழுதுக்கிட்டே பின்னு" என்றாள் அக்கா.

அவள் பின்னினாள். விரல் விரியவில்லை. மடங்கின விரலின் வளைவிலேயே ஒரு பிரியை மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினாள். இரண்டாம் மணியும் அடித்து ஓய்ந்துவிட்டது. நாங்கள் கோயிலுக்குள் போனபோது பிரசங்கமே முடிந்திருந்தது. கோணலும் முண்டுமாக ஒரு பின்னல் கப்பலக்காவின் முதுகில் ஆடிற்று. அவள் அதை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டு, நடுவழியில், எல்லாரும் பார்க்க நடந்தாள். கட்டில்லாத நூலைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். நேர்ச்சையை மீறியவள் என்று காதோடு காதாகப் பேச்சு. நூல் காதில் விழுந்திருக்கும், ஆனாலும் அவள் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பூசையில் பாதர் கொடுக்கும் நன்மை அப்பம் வாங்கப் போனோம். அங்கே கையில்தான் கொடுப்பார்கள். நூல் இடதின்மேல் வலதை வைத்து ஏந்தினாள். வலது உள்ளங்கை விரிய மறுத்தது. பாதர் காத்திருந்தார். கப்பலக்கா பக்கத்திலிருந்து தன் ஒற்றைக் கையைக் கொண்டுவந்து, அந்த மடங்கின விரல்களுக்குள் விட்டு, மொட்டைப் பிரிக்கிறதுபோல மெதுவாக விரித்துப் பிடித்தாள். பாதர் அப்பத்தை அதன்மேல் வைத்தார்.

அதற்கப்புறம் வெந்நீரும் பயிற்சியும்தான். நூல் என் தொட்டிக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டு, ஈரத்துணியைப் பிழிவாள். முதலில் ஒரு கைக்குட்டை, பிறகு துண்டு, பிறகு தலையணை உறை. மழைக்காலம் போய் வெயில் வந்தது. முழு விரிப்பை அவள் பிழிந்த அன்று தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியடித்தது. வேண்டுமென்றே செய்தாள். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை நிமிரவில்லை. தினமும் வேலைக்கு முன்னால் சைக்கிள் கடைப் படியேறுவாள். உள்ளே போவாள். தலை பின்னுவாள், மூடி திறப்பாள், திட்டு வாங்குவாள்.

அக்காவைப் பார்க்கப் பாதிவரை ஏறி இறங்கின அந்தப் படிக்கட்டிலும் முழுக்க ஏற ஆரம்பித்தாள். வேலை முடிந்ததும் மாடி வார்டுக்குப் போய், கையால் எடுத்துச் சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை, யாருக்காகவும் நிறுத்தினதுமில்லை. கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, தலை நரைத்தது, அது மட்டும் மாறவில்லை. போகிற வழியில் கோயிலில் நின்று சுரூபத்தைப் பார்ப்பாள். "அங்க என்னடி பேசுவ?" என்று கேட்டேன். "முன்னெல்லாம் மன்னிச்சுக்கங்கன்னு சொல்வேன். இப்ப, இன்னிக்கு என்ன வேலைன்னு கேக்கறேன்" என்றாள். "பதில் வருமா?" "மாடிக்குப் போனா வந்துடும்."

சில மாதங்களுக்கு முன் முழங்கால் வலிக்காக என்னை அங்கே படுக்கவைத்தார்கள். எதிர்க்கட்டிலில் இரண்டு கையிலும் கட்டுப்போட்ட ஒரு மனிதர், கொல்லர். சாயங்காலம் நூல் வந்தாள், கிழவியாகி, இன்னும் ஒல்லியாக. பின்னாலேயே தடியூன்றிக்கொண்டு கப்பலக்கா. முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் பண்ண ஆரம்பித்தாள். "மெதுவா கொடு. வாய் எங்க இருக்குன்னு தெரியலையா? தாடிக்கா ஊட்டற?"

கொல்லருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க யாருன்னே தெரியாது. தினமும் வர்றீங்க. இதுக்கெல்லாம் நான் என்னம்மா செய்யப்போறேன்?" என்றார்.

"ஐயோ, இவரும் ஆரம்பிச்சுட்டார்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் கப்பலக்கா.

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றாள் நூல். நிமிராத சுண்டுவிரலால் அவர் தாடியில் சிந்தினதைத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டியை எடுத்தாள். "அண்ணே, அதெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். வாயைத் திறங்க, ஆறிப்போகுது."

அவர் திறந்தார்.